ஒரு புண்ணை மூட இன்னொரு புண்

சென்ற மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த என் தங்கை மகனைப் பார்க்கப் போயிருந்தேன். அடிபட்டது முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், ஒரே இடத்தில். கட்டுப் போட்டிருந்ததோ மூன்று இடத்தில்: காயம் பட்ட இடம், கெண்டைக்கால், தொடை. "ஒரு புண்ணை மூட ரெண்டு புண் பண்ணியிருக்காங்களே மாமா, இது என்ன கணக்கு? அதிலும் தொடைதான் ரொம்ப எரியுது" என்றான். கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கணக்கு வந்த வரலாற்றை அவனுக்குச் சொன்னேன்.

முன்காலில் தோலுக்கு அடியிலேயே எலும்பு. மேல்சவ்வு போன வெற்றெலும்பில் மெல்லிய தோலை ஒட்டினால் பிடிக்காது. ரத்த ஓட்டமுள்ள கனமான தோல்மடல் வேண்டும். 1854இல் அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஹாமில்ட்டன் அதை மறுகாலின் கெண்டையிலிருந்து எடுத்தார். இந்த முறையில், மடல் புதிய இடத்தில் பிடிக்கும்வரை நோயாளி இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டியபடி வாரக்கணக்கில் கிடக்க வேண்டும்.

காயம் மூடியது சரி, எடுத்த இடம்? சிறியதென்றால் இழுத்துத் தைக்கலாம். கெண்டைக்காலில் உபரித் தோல் அதிகமில்லை. பெரியதை வலிந்து தைத்தால் ஓரம் கறுத்துச் செத்துவிடும்.

இதற்கு வழி பாரீசில் பிறந்தது. 1869இல் நெக்கேர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த ஜெனீவாக்காரர் ழாக்-லூயி ரெவெர்தேன், ஆறாத புண்ணின் மேல் மேல்தோலின் பொடித் துண்டுகளை வைத்தார். அவை பிடித்துக்கொண்டு, தீவுகள்போலப் பரவின. அதை அவர் 'கிரெஃப்' என்றார். பிரெஞ்சில் செடிக்குப் போடும் ஒட்டுக்கும் அதே சொல்தான். நம் ஒட்டு மாங்கன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

1872இல் லியோன் நகரத்து ஒலியேயும் 1874இல் லைப்சிக் நகரத்துத் தீர்ஷும் அகலமான தோலை எடுத்து ஒட்டினார்கள். 1930களின் இறுதியில் அமெரிக்கர் பேட்ஜெட்டின் கருவி, தோலை ஒரே கனத்தில் சீவித் தந்தது.

1981இல் ஸ்வீடன் மருத்துவர் போன்டேன், தோலோடு அடியிலுள்ள உறையையும் சேர்த்து எடுத்தால், அடிபட்ட காலிலேயே நீண்ட மடலைத் திருப்பி வைக்கலாம் என்று காட்டினார். இரண்டு கால்களையும் கட்டிப்போடும் அவதி பெரிதும் குறைந்தது. மடல் எடுத்த கெண்டைக்காலுக்குத் தொடைத் தோல் ஒட்டாக வருகிறது.

அப்படியானால் தொடைக்கு யார் கொடுப்பது? யாரும் கொடுக்க வேண்டாம். அங்கே சீவுவது மேலடுக்கை மட்டும். மயிர்க்கால்களின் அடிப்பாகம் உள்ளேயே தங்கிவிடுவதால், அங்கிருந்து புதுத் தோல் தானே பரவி இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். நரம்பு நுனிகள் திறந்து கிடப்பதால்தான் அதுவரை அந்த எரிச்சல்.

"அப்போ கடைசிக் கடன் தள்ளுபடியா மாமா?" என்றான்.

"தள்ளுபடிதான். தழும்பு மட்டும் வட்டி" என்றேன். மூன்று நாளாகச் சிரிக்காதவன் சிரித்தான் என்று தங்கை சொன்னாள்.