மலாக்காவில் ஒரு நாள்: கடலோரமும் கள்ளுக்கடையும்



ஐரோப்பாவிற்குச் செல்வோர் ஒரே நாளில் மீனவர் சிற்றூர்களையும் திராட்சை மதுத் தோட்டங்களையும் வழிகாட்டியோடு பார்த்து வருவர். நம் மலாக்காவிலும் அத்தகைய பயணம் இயலும். இங்குத் திராட்சை இல்லை, தென்னை உண்டு. விடுமுறையில் பிள்ளைகளை வேனில் அழைத்துச் செல்ல எண்ணுவோர்க்கு, எங்கெங்கு என்னென்ன சொல்லலாம் என்பதை இங்கு எழுதுகிறேன்.

காஜா பெராங்கில் தொடங்குங்கள். அங்குள்ள மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இவ்வூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். அன்றைய துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர், தமிழ் வணிகர்களையும் வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களையும் கவனித்தார். 1511இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றியபின், நைனா சத்து என்ற தமிழ் வணிகரே பெண்டஹாராவாக அமர்த்தப்பட்டார். தமிழர் இம்மண்ணிற்குக் கூலிகளாக மட்டுமே வந்தனர் என்று நம்பும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

நகருக்குள் தங்காசாரித் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம், செட்டிகள் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுப்பியது. செட்டிகள் பொங்கலை மறக்கவில்லை. மாரியம்மனுக்கு எடுக்கும் டத்தோ சாச்சார் விழாவையும் விடவில்லை. எனினும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான்.

அடுத்து உஜோங் பாசிர். 1930களில் அமைந்த போர்த்துகீசியக் குடியிருப்பு அங்குள்ளது. ஆண்டுதோறும் ஜூன் இறுதியில் சான் பெட்ரோ திருவிழாவின்போது மீனவர்கள் படகுகளை அலங்கரிக்க, பாதிரியார் அவற்றை ஆசீர்வதிப்பார். போர்த்துகீசிய ஆட்சி 1641இல் முடிந்தது. ஆனால் கிறிஸ்தாங் மொழி முதியோர் வாயில் இன்றும் ஒலிக்கிறது. அலமாரி, சாவி, மேசை, ஜன்னல், பாதிரி ஆகிய சொற்களைப் பிள்ளைகளிடம் எழுதிக் காட்டுங்கள். இவை போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. அல்மாரி, மேஜா, ஜெண்டேலா, பாடெரி என மலாயிலும் இவற்றின் உறவுகள் உண்டு. மறுபுறம் நம் கடையும் கப்பலும் முதலும் மலாயில் கெடாய், கப்பால், மொடால் ஆயின.

உம்பாய், செர்க்காம் கடலோரத்தில் மதிய உணவு முடித்து, ஜாசின் வட்டாரத் தோட்டங்களுக்குத் திரும்புங்கள். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அதன்பின் பால்மரக் காடுகள் பெருக, தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்து குவிந்தனர்.

தோட்டத்தின் மது, கள். தென்னம்பாளையை இறுகக் கட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவர். இனிய சாறு சில மணி நேரத்தில் புளித்துப் போதையேறும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். கள்ளுக்கடைகளைத் தோட்ட நிர்வாகங்களே உரிமம் பெற்று நடத்தின. உழைத்த கூலி மாலையில் அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதையும் கோரிக்கையாக வைத்தனர். அந்தப் போராட்டம் துப்பாக்கிகளால் ஒடுக்கப்பட்டது, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். குடியைத் தமிழனின் பிறவிக் குணமாகப் பேசுவோர்க்கு இதுவே விடை. கடையைத் திறந்து வைத்தது நிர்வாகம். மூடச் சொன்னவன் தொழிலாளி.

அதே தோட்டத்தில் இன்னொரு கட்டடமும் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் அது தகரக் கொட்டகையாகவும், ஒரே ஆசிரியரைக் கொண்டதாகவும் இருந்தது. ஆயினும் தமிழ் எழுத்து தோட்டத்தில் நிலைத்தது அதனால்தான்.

இப்பயணத்தின் பொருள் இங்குதான் விளங்கும் என்பேன். செல்வமும் பதவியும் பெற்றிருந்த செட்டிகளுக்குக் கோயில் நிலைத்தது; மொழி நிலைக்கவில்லை. கூலிகளாக வந்தவர்களுக்குக் கோயிலோடு பள்ளியும் கிடைத்தது, மொழி நிலைத்தது. இதில் செட்டிகளைக் குறை கூற ஒன்றுமில்லை. ஐந்நூறு ஆண்டுகள் சமயம் காத்தது எளிய செயலன்று. ஆனால் கோயில் இருந்தால் தமிழ் தானே வாழும் என்று எண்ணும் பெற்றோர், காஜா பெராங்கை ஒருமுறை பார்த்து வர வேண்டும்.

பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து பட்டணம் பெயர்ந்த குடும்பங்கள், முதலாம் ஆண்டுப் பதிவின்போது எடுக்கும் முடிவில்தான் அடுத்த தலைமுறையின் தமிழ் இருக்கிறது.

சிந்திப்போம், செயல்படுவோம்.