செருப்பு வாரும் பூட்ஸ் நாடாவும்

பள்ளி திறக்கும் மாதத்தில் நம் காலனி வீடுகளில் காலை வேளையில் எழும் பெரிய வழக்கு பூட்ஸ் நாடாவைப் பற்றியதே. நேராகக் கோத்துக் கொடுத்தால் பிள்ளைகள் ஏற்பதில்லை. ஏணி போலவும் சடைப்பின்னல் போலவும் கோக்க வேண்டும் என்பர். இஃது அயல்நாட்டார் கற்பித்த ஆடம்பரம் என்று பெரியோர் கடிந்துகொள்வதையும் கேட்கின்றோம். நாடா அயலாருடையது என்பது ஒருவாறு உண்மைதான். ஆயினும் தோலைப் பதப்படுத்திக் காலுக்கு அணியாக்கும் தொழில், நாம் குடிவந்து வாழும் இவ்வேங்கடச் சாரலுக்கு மிகப் பழையது.

தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் வருகின்றான். இடைவிடாது செருப்பணிந்தமையால் அவன் அடியில் வடு அழுந்திக் கிடக்கின்றது. அதே நூலில் வணிகர்கள் அடியை மறைக்கும் அரணம் பூண்டு வழி நடக்கின்றனர். திறந்த செருப்பும் மூடிய காலணியும் ஆகிய இரண்டையும் சங்கப் புலவர் அறிந்திருந்தார் என்பது இதனால் விளங்கும்.

இனித் திருக்காளத்திக்கு வருவோம். அங்கே வேடர் குலத் திண்ணனார், இறைவன் திருமுடிமேல் இருந்த மலரைச் செருப்பணிந்த காலாலேயே அகற்றினார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அவருக்கு முன்னரே மாணிக்கவாசகர் அந்தச் செருப்பணிந்த அடியைப் போற்றிவிட்டார். கண்ணப்பர் சிலைகள் பலவற்றில் சிற்பிகளும் செருப்பைக் காட்டத் தவறவில்லை. கோயில் வாயிலில் நாம் கழற்றி வைக்கும் பொருள், கருவறைக் கதையின் நடுவில் இடம் பெற்றது இந்த ஒரு தலத்தில்தான் போலும்!

திருப்பதியிலோ வேறொரு காட்சி. அலிபிரியில் மலைப்படி தொடங்கும் இடத்தில் பாதால மண்டபம் உள்ளது. அன்பர்கள் பெருமாளின் பாதுகைகளைத் தலைமேல் தாங்கி அங்கு வலம் வருகின்றனர். மலையப்பன் நாள்தோறும் திருச்சானூர்த் தாயாரைக் காண நடந்து வருவதால் செருப்புத் தேய்ந்து போகிறது என்றும், புதிய செருப்பைத் தோல் தொழிலாளர் செய்தளிப்பர் என்றும் வழிவழியாகச் சொல்வர். பாதுகை தலைமேல் ஏறியது. அதைத் தைத்த கை எங்கே நின்றது? அவர்களுக்கும் ஆலயக் கதவு திறக்கும் என்று சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947ஆம் ஆண்டில்தான். திருப்பதி அப்பொழுது அம்மாகாணத்தைச் சேர்ந்திருந்தது.

நாடாவின் பிறப்பு மேல்நாட்டில் மிகவும் தொன்மையானது. ஆர்மேனிய நாட்டுக் குகை ஒன்றில் 2008ஆம் ஆண்டில் அகப்பட்ட தோல் காலணி சுமார் 5,500 ஆண்டு பழமையுடையது. ஒரே தோலை மடித்து, துளைகளில் தோல்வாரைக் கோத்துக் கட்டியது. எனினும் இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் கொக்கிப் பூட்டுகளே நாகரிகமாய் இருந்தன. பின்பு மோகம் நாடாவின்பால் திரும்பிற்று. பர்மிங்ஹாம் நகரத்துக் கொக்கித் தொழிலாளர் பிழைப்பிழந்து, 1791ஆம் ஆண்டில் இளவரசரிடம் விண்ணப்பம் செய்துகொண்டனர். இளவரசர் கொக்கியை அணிந்தும் மோகம் மாறவில்லை. ஒரு முழக் கயிறு எத்தனை அடுப்புகளை அணைத்தது, பாருங்கள்!

கோக்கும் வகைகளுள் குறுக்கும் நெடுக்குமாக மாறிச் செல்வது ஒன்று. படிப்படியாக நேரே செல்வது மற்றொன்று. ஏணிப் பின்னலை வான்குடைப் படையினர் விரும்புவர். 2002ஆம் ஆண்டில் போல்ஸ்டர் என்னும் ஆஸ்திரேலியக் கணித அறிஞர் இவற்றை எல்லாம் கணக்கிட்டார். மிகக் குறைந்த நீளம் போதுமானது, வண்ணத்துப்பூச்சி முடிச்சுப் போன்ற அரிய பின்னலுக்கே என்று கண்டார். ஆனால் இறுகப் பற்றுவதில் பாமரர் கையாளும் அந்தப் பழைய இரண்டு வகைகளே சிறந்தவை என்பதும் அவர் முடிவு. நாளெல்லாம் கோப்புகளுக்கு நாடா கட்டும் எம்மனோர்க்கு இதில் வியப்பில்லை. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் இராது. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாகச் சிக்குக் கோலம் வரைபவர்களுக்குக் காலணியின் பன்னிரண்டு துளைகள் எம்மாத்திரம்?

அத்துளைகளில் எத்தனையோ நம் பக்கத்திலேயே இடப்படுகின்றன. சித்தூரிலிருந்து காட்பாடி சென்று, ஜோலார்ப்பேட்டை வழியில் வண்டி ஏறினால் ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும். மறுபுறம் வாலாஜா ரோடு அருகே இராணிப்பேட்டை. தோல் பதனிடுதலும் காலணித் தொழிலும் செழித்த ஊர்கள் இவை. ஆலைகளில் மேல்தோல் தைப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கப்பலேறும் அக்காலணிகளின் மீது பொறிக்கப்படுவது அயல்நாட்டுக் கம்பெனிகளின் பெயர். தைத்த பெண்களின் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிடுகின்றது.