புதுச்சேரியில் காப்பாட்சியர் பயிற்சி

அருங்காட்சியகப் பொருளை ஆராய்ந்து, பட்டியலிட்டு, காட்சிக்கு வைத்து, அது கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு காப்பாட்சியருடையது. இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞருக்கு ஓராண்டோ ஈராண்டோ ஊதியம் கொடுத்து, அனுபவம் மிக்க ஒருவரின் மேற்பார்வையில் ஒரு சேகரிப்போடு பழகவிடுவது காப்பாட்சியர் நல்கை. மேலை நாடுகளில் இதற்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகமே களம். புதுச்சேரியில் பயிற்சி வேறு வழியில் வளர்ந்தது. அரிக்கமேட்டின் அகழாய்வுக் குழிகளும், செயின்ட் லூயிஸ் தெருவில் கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் நிழற்பட ஆவணமும் இங்கே அந்த வேலையைச் செய்தன.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் பால் சாக்ஸ் 1920களின் தொடக்கம் முதல் 1948 வரை நடத்திய வகுப்பு இத்துறைக்கு முன்மாதிரி. வங்கித் தொழில் குடும்பத்தில் பிறந்த சாக்ஸ், கலைப்பொருளை மாணவரின் கையிலேயே கொடுத்துப் பேச வைத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் அவரிடம் படித்தவர். இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1937இல் அசுதோஷ் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952இல் அருங்காட்சியகவியல் துறை ஏற்பட்டது.

புதுச்சேரியில் இவ்வரலாறு ஒரு கல்லூரி ஆசிரியரிடம் தொடங்குகிறது. கப்ரியேல் ழூவோ துப்ரேய் (1885–1945) இந்நகரின் பிரெஞ்சுக் கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். தமிழகக் கோயில்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய தென்னிந்தியத் தொல்லியல் நூல் 1914இல் வெளிவந்தது. தூண், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, கூரை விளிம்பில் வரும் கூடு, சுவரில் சிலைக்கான மாடமாகிய கோட்டம் ஆகிய உறுப்புகள் காலந்தோறும் எப்படி வடிவம் மாறின என்று வரிசைப்படுத்தி, கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்லும் வழியைக் காட்டினார். போதிகையின் வளைவை வைத்துப் பல்லவர் பணியா சோழர் பணியா என்று சொல்ல இன்று மாணவர்கள் பழகுவது அந்த வழியில்தான்.

அவருடைய பணிக்கு வருத்தம் தரும் மறுபக்கமும் உண்டு. காஞ்சிபுரம் வட்டாரத்திலிருந்த 10ஆம் நூற்றாண்டு யோகினி சிலைகள் 1920களில் அவர் வழியாகப் பாரிஸ் வணிகர் சி. டி. லூவின் கைக்குப் போயின. இன்று அத்தொகுதி ஐரோப்பிய, வட அமெரிக்க அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கிறது. பத்மா கைமல் 2012இல் வெளியிட்ட நூல் ஒவ்வொரு சிலையும் போன தடத்தைப் பின்தொடர்கிறது. சிலையின் காலத்தை அத்தனை நுட்பமாக அறிந்தவர், அது இருந்த ஊருக்கு அதன்மீது உள்ள உரிமையைப் பொருட்படுத்தவில்லை. காப்பாட்சியர் கல்வியில் பொருளின் உரிமை வரலாற்றுக்குத் தனி இடம் வேண்டும் என்று வாதிடுவோர் இந்நகரிலேயே சான்று காட்டலாம்.

அரிக்கமேட்டைக் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் ழூவோ துப்ரேய்தான். நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளும், ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை பொறித்தது என்று அவர் கருதிய சிறு கல்லும் 1937இல் அவருக்குக் கிடைத்தன. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக்கடல் பகுதிச் சாடி ஒன்றின் கழுத்துத் துண்டைக் கண்டார். அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் புதுச்சேரிக்கு விரைந்தார். இங்கே பொது நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளுக்கு நடுவே இத்தாலியின் அரெட்டைன் செம்பாண்டத் துண்டுகளும் இருந்தன. அவ்வகைப் பாண்டத்தின் காலம் ஐரோப்பாவில் முன்பே கணிக்கப்பட்டிருந்தது. அதனோடு ஒரே மண்ணடுக்கில் கிடைக்கும் உள்ளூர்ப் பானை ஓட்டுக்கும் இனி காலம் சொல்ல முடியும். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அதுவரை வாய்க்காத பிடி அது.

1945இல் வீலர் நடத்திய அகழாய்வு, முந்தைய ஆண்டு தக்கசீலத்தில் அவர் தொடங்கிய களப்பயிற்சியின் தொடர்ச்சி. நிலத்தைச் சதுரக் குழிகளாகப் பிரித்து, இடையிடையே மண்சுவரைத் தோண்டாமல் விட்டுவைப்பார்கள். அச்சுவரின் முகத்தில் தெரியும் அடுக்குகளைப் பயில்பவர் தாமே பிரித்தறிந்து, எண் கொடுத்து, அளவு பிசகாமல் வரைய வேண்டும். ஓடுகளைக் கழுவி உலர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் குழி எண்ணும் அடுக்கு எண்ணும் எழுத வேண்டும். எண் எழுதாத ஓடு எவ்வளவு அழகாயிருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. ஓட்டுக்கு எண் எழுதுவது கடைநிலை வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அருங்காட்சியகத்தின் நம்பகம் முழுவதும் அந்தச் சிறு எண்ணில் இருக்கிறது என்பதால், பயிற்சியின் முதல் பாடமாக அதை வைத்தது மிகச் சரி.

1946இல் வெளிவந்த அரிக்கமேட்டு அறிக்கையில் வீலரோடு அமலானந்த கோஷ், கிருஷ்ண தேவா ஆகிய இளைய அதிகாரிகளின் பெயர்களும் இருந்தன. கோஷ் பிற்காலத்தில் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரானார். கிருஷ்ண தேவா கோயில் கட்டடக்கலையில் பேரறிஞராக விளங்கினார். உள்ளூர் ஆய்வாளர் பி. இசட். பட்டாபிராமன் அதே 1946இல் இவ்வகழாய்வுகளைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் தனி நூல் வெளியிட்டார். பின்பு தொல்லியலாளர்கள் ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே தோண்டினர். வீலர் கருதியதைவிட நெடுங்காலம் அவ்வூரில் மக்கள் வாழ்ந்திருந்தனர் என்பது பெக்லியின் முடிவு. அகழ்ந்தெடுத்த பொருள்களில் ஒரு பகுதியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1955 மார்ச்சில் ழான் ஃபிலியோசாவின் தலைமையில் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கியது. சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டும் பணி ஒருபுறம் நடந்தது. அச்சேகரிப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. மறுபுறம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுக்கும் பணி 1956இல் தொடங்கியது. தூரக்கிழக்குக்கான பிரெஞ்சுப் பள்ளியும் இதில் கைகோத்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள் பெருகி ஒரு லட்சத்தைத் தாண்டின.

படமெடுப்பது பாதி வேலைதான். எந்த ஊர், எந்தக் கோயில், பிராகாரத்தில் எந்தப் பக்கம், சிலையில் இருப்பது யார் என்று எழுதி முடிக்கும்போதுதான் அது ஆவணமாகும். கையில் இருப்பது மழுவா அங்குசமா, மேலிரு கைகளில் ஒன்று உடைந்ததா தேய்ந்ததா என்று படத்துக்குப் படம் கேட்டுப் பழகியவர்களின் கண் தனியாகவே கூர்மை பெறும். அக்கூர்மையை இந்நிறுவனத்தின் நூல்களில் காணலாம். பட்டாபிராமன், அறிஞர் தேசிகனோடு சேர்ந்து மதுரைத் திருவிளையாடல்களையும் (1960) காஞ்சிபுரத்துச் சைவத் தலபுராணக் கதைகளையும் (1964) படங்களோடு பதிப்பித்தார். தென்னிந்தியக் குடைவரைகளைப் பற்றிய அவருடைய தொகுதிகள் 1971இலும் 1975இலும் வந்தன. பிரான்சுவாஸ் லெர்னோ தமிழகத்து முருகன் வடிவங்களைப் பற்றி எழுதிய நூல் 1978இல் வெளியானது. உள்ளூர் அறிஞரின் பெயர் நன்றியுரையில் ஒதுங்காமல் நூலின் முகப்பிலேயே இடம்பெற்றது இப்பயிற்சி மரபின் பெருமைக்குரிய பண்பு.

இந்த உழைப்பின் பயன் அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அது கோயிலில் இருந்ததைக் காட்டும் படம் புதுச்சேரி ஆவணத்தில் கிடைத்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் தொடர்பான நிகழ்வு, காப்பாட்சியர் பயில்வோர் இன்னும் கவனிக்க வேண்டியது. 1967இல் சதபி ஏலத்தில் திருமங்கை ஆழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்றை அவ்வருங்காட்சியகம் வாங்கியது. வாளும் கேடயமும் ஏந்திய அதே திருமேனி, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுந்தரப்பெருமாள்கோவிலின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் நிற்பதை 1957இல் எடுத்த புதுச்சேரிப் படம் காட்டியது. ஆய்வாளர் ஒருவர் 2019இல் இதைச் சுட்டிக்காட்ட, அருங்காட்சியகமே இந்திய உயர் ஆணையத்துக்குத் தெரிவித்தது. இத்தகைய ஒப்பீட்டில் அழகோ பாணியோ கைகொடுக்காது. வார்ப்பில் விழுந்த குழி, பீடத்தின் ஓர விரிசல், அபிடேகத்தில் மழுங்கிய மூக்கு என அந்த ஒரு சிலைக்கே உரிய தழும்புகள் இரண்டு படத்திலும் பொருந்த வேண்டும். சிலையைத் திருப்பித்தர 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் ஒப்புதல் அளித்தது.

அண்மைக்காலத்தில் பிரெஞ்சு நிறுவனத்தின் கவனம் கோயிலிலிருந்து ஸ்டூடியோவுக்கும் விரிந்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் கிடக்கும் கண்ணாடித் தகடுகளையும் குடும்பப் படங்களையும் மின்னுருவாக்கும் பணியை ஆய்வாளர் ஸோயி ஹெட்லி முன்னின்று நடத்தினார். திருமணக் கோலத்தில் நிற்பவர் யார், பின்திரையை எந்த ஸ்டூடியோ பயன்படுத்தியது, படம் எந்த ஆண்டினது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்துவருகிறார்கள். அதனால் இத்துறைக்கு வரும் இளைஞர் தகடு துடைக்கும் பருத்தித் துணியோடு, பேச்சைப் பதிவுசெய்யும் கருவியையும் எடுத்துச்செல்லக் கற்கிறார்.