ஒட்டு மரமும் விதை மரமும்: பேரிக்கனி வரலாறு தரும் பாடம்

அந்தலூஸ் மக்கள் பேரிக்கனியை 'இஜ்ஜாஸ்' என்றழைத்தனர். அரபுலகின் கிழக்குப் பகுதியிலோ அச்சொல் ஆல்பக்கோடாவைக் குறிக்கும்; பேரிக்கு அங்கே 'கும்மஸ்ரா' என்று பெயர். அந்தலூஸின் வேளாண் நூல்களைப் பயில்வோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், அந்நூல்கள் விரிவாகப் பேசும் கனிமரங்களுள் பேரியும் ஒன்று.

கி.பி. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஷ்பீலியாவில் (இன்றைய செவில்) வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது 'கிதாபுல் ஃபிலாஹா'வில் ஒட்டுக் கட்டும் கலைக்கும், மரங்களைத் தாக்கும் நோய்களுக்கும், கனிகளை நெடுநாள் கெடாமல் காக்கும் முறைகளுக்கும் தனித்தனி இயல்கள் வகுத்தார். முன்னோர் கூற்றுகளைத் தொகுத்ததோடு நில்லாமல், இஷ்பீலியாவை அடுத்த ஷரஃப் மேட்டுநிலத்தில் தாமே செய்து பார்த்தவற்றையும் பதிவு செய்தார். 1802ஆம் ஆண்டு மத்ரீதில் இந்நூலின் அரபு மூலம் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

சுவை, நோய்த் தடுப்பு, சேமிப்பு ஆகிய மூன்றையும் அவர் ஒரே நூலில் ஆராய்ந்தார். ஆனால், இம்மூன்றையும் ஒரே மரத்தில் ஒன்றுசேர்ப்பது எத்துணை கடினம் என்பதைப் பின்வந்த நூற்றாண்டுகளே உணர்த்தின.

பேரியின் விதையை நட்டால் தாய்மரத்தின் கனி கிடைப்பதில்லை. ஆகவே, நல்ல மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டியே அதன் இனத்தைப் பெருக்குகின்றனர். ஒட்டு, பெற்ற நலனை அப்படியே காக்கும். ஆனால் புதிய நலனைச் சேர்க்காது. புதியது வேண்டுமெனில் விதையிடம் திரும்பத்தான் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரைச் சேர்ந்த பாதிரியார் நிக்கோலா ஆர்தன்போன் அவ்வழியில் முனைந்தார். விதைக் கன்றுகளை வளர்த்து, வெண்ணெய்போல் குழைவதும் குளிர்காலம் வரை தாங்குவதுமான பேரிகளைத் தெரிந்தெடுத்தார். அவருக்குப் பின் வேதியியலறிஞர் வான் மோன்ஸ் பல்லாயிரம் கன்றுகளை வளர்த்து அப்பணியைத் தொடர்ந்தார். இவ்வாறு சுவையும் சேமிப்பும் கூடின. நோய்த் தடுப்போ எவர் கருத்திலும் இடம்பெறவில்லை.

அக்குறையை அமெரிக்கா வெளிப்படுத்தியது. 1780ஐ ஒட்டி ஹட்சன் பள்ளத்தாக்கில் தீக்கருகல் நோய் கண்டறியப்பட்டது. பூக்களின் வழியே புகுந்து, கிளைகளை நெருப்பில் வாட்டியதுபோல் கருக்கி, சில வேளைகளில் ஒரே பருவத்தில் மரத்தையே வீழ்த்திவிடும் நோய் இது. 1880ஐ ஒட்டி இல்லினாய்ஸ் பேராசிரியர் தாமஸ் பரில் இதற்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்று காட்டினார். பாக்டீரியாவால் விளைவதென அறியப்பட்ட முதல் தாவர நோய் இதுவே. அமெரிக்கத் தோட்டங்களை நிறைத்திருந்த பார்ட்லெட் பேரி, 1770ஐ ஒட்டி இங்கிலாந்தில் முளைத்த ஒரே கன்றின் வழிவந்தது. ஒரு மரத்தின் பலவீனம் இலட்சக்கணக்கான மரங்களின் பலவீனமாயிற்று.

நோயைத் தாங்கும் வலிமை கிழக்காசியப் பேரி இனங்களில் இருந்தது. ஆனால், அவற்றின் கலப்பினமான கீஃபர் பேரியின் சதை மணல்போல் நறநறத்தது. ஐரோப்பிய இனத்தோடு மீண்டும் மீண்டும் கலந்தால் சுவை திரும்பும், வலிமை குறையும். ஐரோப்பியப் பேரிகளிலேயே நோய் தாங்கும் சில மரங்களை ஓரிகன் மாநில ஆய்வாளர் ஃபிராங்க் ரைமர் தேடிக் கண்டபின் வழி சற்றுத் தெளிந்தது. எனினும் விதையிலிருந்து முதற்கனி காணவே பல ஆண்டுகள் செல்லும்; அதன்பின் நோய்ச் சோதனை, சேமிப்புச் சோதனை. 2002ஐ ஒட்டி அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட 'ஷெனாண்டோவா' வகை, நோயை ஓரளவு தாங்குவதோடு குளிரறையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் கெடாதிருக்கும். அதன் பின்னே நிற்பது பல பத்தாண்டுகளின் உழைப்பு.

இஃது அயலார் கவலை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 1957இல் இங்கிலாந்தை அடைந்த இந்நோய், 1960களில் எகிப்திலும், 1985இல் துருக்கியிலும், பின்னர் ஈரானிலும், 2006இல் மொராக்கோவிலும், 2008இல் கிர்கிஸ்தானிலும் பதிவாயிற்று. இப்னுல் அவ்வாமின் கலை தழைத்த மக்ரிபும், பேரியின் காட்டு இனங்கள் இன்றும் வளரும் ஈரானும் இதற்குத் தப்பவில்லை. சந்தையில் விலைபோகாத அக்காட்டு மரங்களையும் பழைய நாட்டு வகைகளையும் வெட்டி வீழ்த்தினால், நாளைய தோட்டத்திற்கு வேண்டிய வலிமையை எங்கிருந்து பெறுவது?

முன்னோர் தேர்ந்த நன்மையை மாறாமல் கையளிப்பது ஒட்டு. ஆயினும் அதை மட்டுமே நம்பியிருந்த தோட்டம் புதிய நோயின் முன் நிராயுதபாணியாய் நின்றதை வரலாறு காட்டுகிறது. காத்தலும் வேண்டும், விதைத்துக் காத்திருத்தலும் வேண்டும். அக்கனியை உண்ணப்போவது பெரும்பாலும் விதைத்தவரல்லர் என்பதை அறிந்தே அவர்கள் விதைத்தனர்.