எடை குறைந்த நடைக்கூடாரம்

உணவு, உடை, படுக்கை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு பல நாள் நடப்பவர், இரவு தங்குவதற்காகத் தாமே தூக்கிச் செல்லும் கூடாரமே நடைக்கூடாரம். ஓர் ஆளுக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கினால் அதை எடை குறைந்த வகையில் சேர்க்கிறார்கள். வண்டியில் கொண்டுபோய் இறக்கும் குடும்பக் கூடாரம் ஐந்தாறு கிலோ இருந்தாலும் கேடில்லை. நடப்பவருக்கோ ஏற்றத்தில் ஒவ்வொரு நூறு கிராமும் முட்டியில் தெரியும்.

எடை குறையக் குறைய விலை ஏறும் என்று கடைகளில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. துணியில் எடையைக் குறைக்கப் போனால் விலை ஏறும். கோலில் குறைத்தால் விலையும் சேர்ந்தே இறங்கும். கையில் இருக்கும் பணத்துக்குள் நல்ல கூடாரம் தேடுகிறவர் இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், கடையில் கேட்கும் மற்ற எண்களுக்கு மிரள வேண்டியதில்லை.

வரலாறு

1860களில் ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறிய ஆங்கிலேயர் எட்வர்ட் விம்பர், தம் தேவைக்கென ஒரு கூடாரத்தை வடிவமைத்தார். முன்னும் பின்னும் இரண்டிரண்டாக நான்கு மரக்கோல்கள். எடை பத்து கிலோவை ஒட்டி வரும். சுமப்பதற்கு ஆள் வைத்துக்கொண்ட காலம் அது. அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த ஆல்பர்ட் மம்மரி கோல்களையே விட்டுவிட்டார். மலையேறுபவர் கையில் எப்படியும் பனிக்கோடரி இருக்கிறது. அதை நட்டு, அதன்மேல் மெல்லிய பட்டுத்துணியை இழுத்துக் கட்டினால் போதாதா என்பது அவருடைய கணக்கு. கூடாரத்தின் எடை இரண்டு கிலோவுக்குள் வந்துவிட்டது. மம்மரி 1895இல் நங்க பர்வதத்தில் இறந்தார். அவருடைய கூடாரம் அவர் பெயராலேயே பின்னரும் வழங்கியது.

அதே காலத்தில் லண்டன் தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங், சைக்கிளில் கட்டி எடுத்துப் போகும் அளவுக்குச் சிறிய கூடாரங்களை உருவாக்கினார். 1901இல் சைக்கிளில் சென்று முகாமிடுவோருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1908இல் முகாம் வாழ்க்கைக்கான கையேட்டை வெளியிட்டார். எடை குறைந்த கூடாரம் வேலைக்குப் போகும் சாதாரண மக்களின் பொழுதுபோக்கானதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி, 1955இல், தம் 67ஆம் வயதில், ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் நெடுநடைப் பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அவரிடம் கூடாரமே இல்லை. மழைக்கு ஒதுங்க, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்றை வைத்திருந்தார். செலவைக் குறைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள்; அதற்கு அவர் முழுத் தகுதி உள்ளவர்.

1975இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் ‘ஓவல் இன்டென்ஷன்’ என்ற கூடாரத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கட்டமைப்பைப் பின்பற்றி, வளையும் கோல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, கயிறு கட்டாமலே தானாக நிற்கும் வடிவம் அது. டென்ட் என்றதும் இன்று நம் கண்முன் வரும் உருவம் அங்கிருந்து பரவியதுதான். வசதி கூடியது, கோலின் எடையும் விலையும் கூடவே வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் இன்னொரு நெடுநடைப் பாதையான பசிபிக் கிரெஸ்டுக்கு 1992இல் ரே ஜார்டின் எழுதிய கையேடு, பையிலுள்ள ஒவ்வொன்றும் உண்மையில் தேவையா என்று கேட்கும் பழக்கத்தைப் பரப்பியது. ஹென்றி ஷயர்ஸ் என்ற நடைப்பயணி அந்தப் பாதையை நடப்பதற்காகத் தாமே தைத்த கூடாரத்தின் வரைபடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார். பிறகு அதுவே அவருடைய தொழிலாயிற்று. இரு கையிலும் கோல் ஊன்றி நடப்பது அந்த ஆண்டுகளில்தான் பரவலாகி வந்தது. மம்மரியின் கணக்கு நூறாண்டு கழித்துத் திரும்ப வந்தது. பனிக்கோடரியின் இடத்தில் நடைக்கோல்.

கோல்

தானாக நிற்கும் இருவர் கூடாரத்தில் அலுமினியக் கோல்கள் மட்டும் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். மலிவான கூடாரங்களில் வரும் ஃபைபர் கிளாஸ் கோல் இன்னும் கனம்; அது நீளவாக்கில் பிளந்து, கையில் சிலாம்பு ஏற்றும். ட்ரெக்கிங் போல் என்று கடைகளில் விற்கும் நடைக்கோலையே கூடாரத்துக்கும் பயன்படுத்தினால் இந்த எடை அப்படியே கழிந்துவிடும். கோலுக்கான விலையும் கூடாரத்தில் சேராது.

கனடாவைச் சேர்ந்த டான் டர்ஸ்டன் வடிவமைத்து 2018இல் வெளிவந்த எக்ஸ்-மிட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செவ்வகமாக நான்கு மூலையிலும் முளை அடித்து, எதிரெதிர் ஓரமாக இரண்டு நடைக்கோல்களை உள்ளே நிறுத்தினால் கூடாரம் எழுந்துவிடும். ஒருவர் தங்கும் அளவு, உள்கூடும் மழைத்துணியும் சேர்ந்து, 800 கிராமை ஒட்டி வரும். சிக்ஸ் மூன் டிசைன்ஸின் லூனார் சோலோ ஒரே கோலில் நிற்பது. எடை 740 கிராம் அளவில். சீனத் தயாரிப்பான லான்ஷான் இவற்றைவிட மலிவு. இருவர் தங்கும் அளவே ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். மூன்றுமே டைனீமா கலவைத் துணியில் செய்த கூடாரங்களின் விலையில் பாதிக்கும் கீழ். பாய்மரப் படகுப் போட்டிகளுக்காகத் தோன்றிய அந்தத் துணியில் இருவர் கூடாரம் அரைக் கிலோவை ஒட்டி முடிந்துவிடும், ஆனால் அமெரிக்காவிலேயே 600 டாலரைத் தாண்டும். கடைசி முந்நூறு கிராமைக் குறைக்கக் கொடுக்கும் பணம்தான் மிக அதிகம். முதன்முதலாக வாங்குகிறவருக்கு அது வேண்டாத செலவு.

நடைக்கோல் கூடாரத்திலும் குறை உண்டு. கோல் ஊன்றி நடக்கும் வழக்கம் இல்லாதவர் தனியாகக் கோல் வாங்க வேண்டும். அப்போது லாபம் பாதியாகும். முகாமை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துச் சிகரத்துக்குக் கோலோடு போய்வர முடியாது. சில வடிவங்களுக்கு 125 செ.மீ. வரை நீளும் கோல் வேண்டும். திருகிப் பூட்டும் மலிவுக் கோல்கள் காற்றழுத்தத்தில் மெல்ல மெல்ல உள்ளிறங்கி, நள்ளிரவில் கூரையைத் தொய்ய விட்டுவிடும். நெம்பி அழுத்திப் பூட்டும் வகையே நம்பத் தக்கது. இவை ஒத்துவராதவர்களுக்குத் தானாக நிற்கும் வகையில் நேச்சர்ஹைக்கின் கிளவுட் அப் போன்றவை இருக்கின்றன. விலை ஏறத்தாழ அதே. எடை அரைக் கிலோ போல் கூடும்.

துணி

கூடாரத்தின் சீட்டில் ‘20D’ என்று இருந்தால் டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அந்த நூலின் டெனியர். எடை குறைந்த கூடாரங்கள் 10 முதல் 30 டெனியருக்குள் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் ‘190T பாலியஸ்டர்’ என்று எழுதியிருப்பது வேறு அளவு: ஒரு சதுர அங்குலத்தில் ஓடும் நெட்டிழை, குறுக்கிழைகளின் எண்ணிக்கை. அதிலிருந்து கூடாரத்தின் எடையும் தெரியாது, மழை தாங்குமா என்பதும் தெரியாது.

மழை தாங்கும் அளவு மில்லிமீட்டரில் வரும். துணியின்மேல் நீர்த்தம்பத்தை உயர்த்திக்கொண்டே போய், எந்த உயரத்தில் மூன்றாவது இடத்தில் நீர் கசிகிறதோ அந்த உயரம். 1,500 மி.மீ. இருந்தால் கூரைக்குப் போதும். முழங்காலும் முழங்கையும் ஊன்றி அழுத்துவதால் தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். 5,000 என்று பெரிய எண்ணைப் போட்டிருப்பதாலேயே நல்ல துணி என்று நினைக்க வேண்டாம். பாலியூரித்தேன் பூச்சைத் தடிமனாக ஏற்றினால் எண் உயரும், ஆனால் துணியின் கிழிவலு குறையும். சிலிக்கோன் பூச்சோ கிழிவலுவைக் கூட்டும். ஒரே டெனியரில் இரண்டு துணிகள் இருந்தால் சிலிக்கோன் ஏறியதே நீடித்து உழைக்கும்.

நைலானா, பாலியஸ்டரா என்ற கேள்விக்கு மழையில் ஓர் இரவு விடை சொல்லிவிடும். நைலான் தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரம் உறிஞ்சும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். ஈரமான நைலான் நீள்வதால், மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை விடியும்முன் தளர்ந்து, கால்மாட்டில் தூங்குபையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மழையிலேயே எழுந்து போய்க் கயிற்றை இழுக்க வேண்டும். பாலியஸ்டர் அப்படித் தளராது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஒரே எடையில் நைலானைவிட வலு சற்றுக் குறைவு, ஆனால் கூரைக்கு அது போதும். விலையும் குறைவு என்பதால் சிக்கனமாக வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை பாலியஸ்டர்.

இரு பக்கமும் சிலிக்கோன் ஏறிய துணியில் தொழிற்சாலையில் தையலுக்கு ஒட்டும் நாடா ஒட்டாது. ஆகவே இவ்வகைக் கூடாரங்கள் பலவற்றில் தையலை வாங்குபவரே அடைத்துக்கொள்ள வேண்டும். நிறமற்ற சிலிக்கோன் பசையைப் பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனில் கரைத்து, சின்னத் தூரிகையால் தையல்மேல் தடவி, ஒரு நாள் உலர விட வேண்டும். கூடாரத்தை விறைப்பாகக் கட்டி நிறுத்திவிட்டுத் தடவினால்தான் ஊசித்துளைகள் விரிந்து பசை உள்ளே இறங்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை இது. செய்யாமல் விட்டுவிட்டு, கூடாரம் ஒழுகுகிறது என்று நொந்துகொள்பவர்கள் பலர்.

உள்ளே ஊறும் ஈரம்

புதிதாக வாங்கியவரின் முதல் புகார் ஒழுக்கு. உண்மையில் பெரும்பாலும் அது ஒழுக்கே அல்ல. தூங்கும் ஆள் ஓரிரவில் மூச்சிலும் தோலிலுமாகச் சுமார் கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். தெளிந்த வானமுள்ள இரவில் கூரைத்துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலத் துணியின் உட்புறம் வியர்க்கிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அந்த ஈரம் நேராகத் தோளிலும் தூங்குபையிலும் படும். வலையாலான உள்கூடும் வெளியே மழைத்துணியும் தனித்தனியாக உள்ள இரட்டைச் சுவரில் ஈரம் வெளித்துணியோடு நின்றுவிடும். அதற்காகக் கூடும் இருநூறு, முந்நூறு கிராமைத் தயங்காமல் சுமக்கலாம். இறகு அடைத்த தூங்குபை நனைந்தால் குளிரைத் தாங்காது. முகாமிடும் இடமும் பாதி வேலையைச் செய்யும். ஆற்றங்கரையும் பள்ளத்தாக்கின் அடியும் குளிர்ந்த ஈரக்காற்று வந்து தங்கும் இடங்கள். சற்று மேடான, மரக்கிளை தலைக்குமேல் உள்ள இடத்தில் துணி அந்த அளவுக்குக் குளிராது. மேற்புறக் காற்றுத்துளைகளையும் மழை இல்லாவிட்டால் கதவையும் திறந்தே வைக்க வேண்டும். குளிருகிறது என்று எல்லாவற்றையும் மூடினால் காலையில் நனைந்துதான் எழ வேண்டியிருக்கும்.

அளவும் அறிவித்த எடையும்

சாதாரணப் படுக்கைப்பாய் 51 செ.மீ. அகலம், 183 செ.மீ. நீளம். இருவர் கூடாரம் என்று விற்பதில் தரை அகலம் 125 முதல் 130 செ.மீ. இருக்கும், இரண்டு பாய் விரித்தால் பைக்கு இடமில்லை. ஆறடி உயரமானவர் 215 செ.மீ.க்குக் குறைந்த நீளமுள்ளதை வாங்கினால் கால்விரல் ஈரத்துணியில் முட்டும். சாய்ந்த சுவர் உள்ள வடிவங்களில் தரையின் நீளத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. படுத்த நிலையில் முகத்துக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எடையை இரண்டு விதமாக அறிவிக்கிறார்கள். கூடாரம், கோல் மட்டும் சேர்ந்தது ஒன்று. முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்தது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே இருநூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் வரலாம். வாங்கியதும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பது நல்லது. கூடவே வரும் கனமான முளைகளை மாற்றி, 10 முதல் 15 கிராம் எடையுள்ள அலுமினிய முளைகளை வாங்குவதுதான் மிகக் குறைந்த செலவில் எடை குறைக்கும் வழி. விமானத்தில் போகிறவர்கள் முளையையும் நடைக்கோலையும் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பையில் போட வேண்டும்.

நிலம்

முளை இறங்காத தரையில் நடைக்கோல் கூடாரம் எழாது என்பார்கள். லடாக்கிலும் ஸ்பிதியிலும் பல முகாமிடங்கள் கல்பரப்புதான், பிற்பகலில் காற்றும் பலமாக அடிக்கும். அங்கே கயிற்றின் முனையைச் சிறிய கல் ஒன்றில் சுற்றிக் கட்டி, கூடாரத்துக்கும் அந்தக் கல்லுக்கும் இடையே, கயிற்றின் மேலேயே பெரிய கல்லை வைக்க வேண்டும். கயிறு இழுபட்டால் சிறிய கல் பெரிய கல்லின் பின்புறம் போய் மாட்டிக்கொள்ளும். முளையைவிட உறுதியாகவே நிற்கும். கூர்விளிம்பு உள்ள கல் கயிற்றை அறுத்துவிடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலைக் கயிறுகள் ஒரு மீட்டராவது இருந்தால்தான் இது நடக்கும். கூடாரத்தோடு வருபவை பெரும்பாலும் குட்டை, ஆகையால் கூடுதலாகக் கயிறு கொண்டுபோவது அவசியம்.

எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. உத்தராகண்டின் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை 2018இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தடை செய்தது. தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதி இன்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்த பிறகு விதிகள் மேலும் இறுகின. எனவே தமிழ்நாட்டு நடைப்பயணிகளுக்குச் சொந்தக் கூடாரம் பெரும்பாலும் இமயத்துக்கே பயன்படுகிறது. நிறுவனத்தோடு போகும் பயணங்களில் கூடாரம் அவர்களே தருவதால், துணை இன்றித் தாமே சுமந்து நடப்பவர்தாம் இதில் பணம் போட வேண்டியவர்கள்.

பராமரிப்பு

பாலியூரித்தேன் பூச்சு, சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நீராற்பகுப்பு அடைந்து சிதையும். துணி பிசுபிசுவென ஒட்டும், புளித்த வாடை வீசும், பிறகு பூச்சு தோலாக உரியும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பரணில் சுருட்டி வைத்த கூடாரத்துக்கு இந்த ஆபத்து மிக அதிகம். பழைய கூடாரம் வாங்குகிறவர் முதலில் தரைத்துணியை முகர்ந்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பயணம் முடிந்து வந்ததும் நிழலில் நன்றாக உலர்த்தி, உறையில் திணிக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாக வைத்தால் ஆயுள் நீளும். சிலிக்கோன் துணியில் சாதாரண ஒட்டு நாடா பிடிக்காது. கிழிந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, அதே துணியின் துண்டு ஒன்றைச் சிலிக்கோன் பசையால் ஒட்டி, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும்.