ஆவிரை: தோட்டத்திற்கு வெளியே நின்ற பொன்மலர்

மேலைநாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டுவோர் கண்ணில் பார்சித்தியா என்னும் புதர்ச்செடி படாமல் இராது. பனிக்காலம் விடைபெறும் தறுவாயில், இலை துளிர்க்கும் முன்னரே, வெறுங்கிளை முழுவதையும் மஞ்சள் மலரால் மூடிக்கொள்வது அதன் இயல்பு. பெரும்பாலும் கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட அச்செடியின் காயைச் சீன மருத்துவர்கள் நெடுங்காலமாக மருந்தாகக் கையாண்டு வந்தனர். ஐரோப்பியர் கைக்கு வந்தபின் அது, 1804இல் மறைந்த வில்லியம் பார்சித் என்னும் இசுக்காட்லாந்துத் தோட்டக்காரரின் பெயரைப் பெற்றது. 1840களில் இராபர்ட் பார்ச்சூன் சீனத்திலிருந்து அதன் ஒரு வகையை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். 1940களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்டு மரப்பூங்காவில் கார்ல் சாக்ஸ் அதனைக் கலப்பினம் செய்து புதுவகைகளை உருவாக்கினார். சிறிய வீட்டு முற்றத்துக்கும் பொருந்தும் குட்டை வகைகள் பின்னர்ப் பெருகின. காட்டில் நின்ற ஒரு செடி நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் வீட்டுச் செடியாயிற்று.

இதனை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் மண்ணிலும் அதனோடு ஒப்பிடத்தக்க ஒரு மஞ்சட்பூப் புதர் இருக்கிறது. அதுவும் மருந்து, அதுவும் ஆள் உயரத்தைப் பெரும்பாலும் தாண்டாதது, தைப்பொங்கலுக்கு முன்பே மஞ்சள் போர்த்து நிற்பது. அதன் பெயர் சங்கப் பாடல்களில் ஆவிரை, பேச்சு வழக்கில் ஆவாரை. பார்சித்தியாவைவிட மிக நீண்ட இலக்கிய வரலாறு அதற்கு உண்டு. எனினும் அது நம் வீட்டுத் தோட்டத்துக்குள் வரவேயில்லை. ஏன் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வாழ்வோர்க்கு இக்கேள்வியைக் கேட்கத் தனி உரிமை உண்டு என்று கருதுகிறோம். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில்தான் திருக்கோவலூர் இருக்கிறது. மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர் அது. பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என்று இன்றும் வழங்கும் பாறை அங்கே நிற்கிறது. பாரி மகளிரை மலையமான் குடியில் சேர்ப்பித்த கபிலர் அங்குத் தீப்புகுந்து உயிர்நீத்தார் என்பதை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கபிலர், ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பாறையில் குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களுள் ஆவிரையும் ஒன்று.

அப்பூக்களின் வரிசையில் சில அடிகள் ஏடுகளில் விடுபட்டிருந்தன. அவற்றைத் தேடி அலைந்து, தருமபுர மடத்து ஏட்டில் கண்டெடுத்த கதையை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியபோது அந்த மலர்களும் மீண்டு வந்தன. இன்று அப்பகுதியை வகுப்பில் நடத்துகையில், தொண்ணூற்றொன்பது பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவரைக் காண்கிறோம். கல்லூரி மதிலுக்கு அப்பால் பூத்து நிற்பதைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டால் அவர்களுள் பலர் விழிக்கின்றனர். ஏட்டில் உதிர்ந்ததை மீட்க ஓர் ஐயர் இருந்தார். மண்ணில் உதிர்வதை மீட்பது யார் பொறுப்பு என்பது எழாமற்போன கேள்வி.

*

குறிஞ்சிப்பாட்டில் மற்றப் பூக்களோடு சமமாக இடம்பெறும் ஆவிரைக்கு, அகப்பாடல்களில் வேறொரு முகமும் உண்டு. அது மடலேறுவோன் சூடும் பூ. காதல் கைகூடாத ஆடவன் பனைமடலால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, ஊரார் காணத் தெருவில் வருவான். நாணத்தை விட்டவன் என்பதற்கு அடையாளமாக அவன் அணிவன மல்லிகையோ முல்லையோ அல்ல. எருக்கும் பூளையும் ஆவிரையும். குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் இக்காட்சி வருகிறது. எருக்கு, பூளை, ஆவிரை மூன்றும் யாரும் நட்டு வளர்க்காதவை. ஊர்ப்புறத்துப் பாழ்நிலத்தில் தாமே முளைப்பவை. ஊரின் ஒழுங்குக்கு வெளியே போய்விட்டவன் ஊருக்கு வெளியே நிற்கும் பூவைச் சூடுகிறான் என்று இதனைப் படிக்கலாம். ஆவிரையின் நிறத்தைப் பொன்னோடு ஒப்பிட்ட புலவர்களே அதனை இவ்விடத்தில் வைத்தனர் என்பது எண்ணத்தக்கது.

இனி, போகியன்று நம் வட்டாரத்து வீடுகளில் கட்டப்படும் காப்பை நினைத்துப் பாருங்கள். வேப்பிலையோடு சேர்த்துக் கூரையிலும் நிலைப்படியிலும் செருகுவது எவற்றை? சிறுபூளையையும் ஆவாரம்பூவையும். மடலேறுவோன் மாலையில் இருந்த இரண்டு பூக்கள், எருக்கை மட்டும் விட்டுவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு இடங்களிலும் அப்பூக்களின் வேலை எல்லை காட்டுவதே: அங்கே ஊருக்கும் ஊரை மீறியவனுக்கும் இடையே, இங்கே வீட்டுக்கும் வெளியில் நிற்கும் தீங்குக்கும் இடையே. தெலங்கானத்தில் பதுகம்மா விழாவில் அடுக்கப்படும் பூக்களிலும் இதே இணையைக் காணலாம். ஆவாரை அங்கே தங்கேடு. அதனோடு சேர்வது, நம் பூளையின் குடும்பத்தைச் சேர்ந்த வெண்கதிர்ப் பூவாகிய குனுகு. 2014இல் தனி மாநிலமானபின் தெலங்கானம் தங்கேட்டையே தன் மாநில மலராக்கிக்கொண்டது.

ஆகவே ஆவிரை வீட்டோடு உறவற்ற பூ அன்று. ஆண்டுக்கு ஒருமுறை வாசற்படிவரை வந்து, பின் குப்பைக்குப் போகும் விருந்தாளி அது. கேட்காமலே எங்கும் கிடைத்ததால் எவரும் அதனை நடவில்லை.

*

அறிவியல் உலகில் அதற்குப் பெயரிட்டவர் லின்னேயசு. 1753இல் அவர் அதனைக் காசியா ஆரிகுலேட்டா என்றார். பின்னர் இராக்சுபரோ சென்னா இனத்தில் சேர்த்தார். ஆரிகுலேட்டா என்றால் செவியுடையது. இலைக்காம்பின் அடியில் சிறு காதுபோல் விரியும் இலையடிச் செதில்களைக் கண்டு வைத்த பெயர். ஆங்கிலேயர் வைத்த பெயரோ வேறு: தோல் பதனிடுவோரின் காசியா. பூவைப் பார்க்காமல் பட்டையைப் பார்த்து வைத்த பெயர் அது. அடுத்த நூறாண்டுகளுக்கு அச்செடியின் வரலாறு பட்டையின் வரலாறாகவே இருந்தது.

ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ 18 விழுக்காடு துவர்ப்பொருள் உண்டு. அதில் ஊறிய தோல் மென்மையும் இளமஞ்சள் நிறமும் பெறும். ஒரு குறை மட்டும் உண்டு: வெயில் பட்டால் அத்தோல் சிவந்துவிடும். அதனைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீரில் நனைப்பர். இங்கேதான் சமவெளியும் மலையும் ஒன்றையொன்று தேடின. ஆவாரை கீழ்நாட்டுச் செம்மண் மேட்டின் செடி. கடுக்காய் மலைக்காட்டின் காய். கடுக்காயும் புளியும் தேனும் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் திரட்டிக் கீழே கொணரும் பொருள்கள். அம்மக்கள் 1976இல் அரசு ஏற்கும்வரை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தனர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பூவைப் பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். பட்டை உரித்தவர், காய் பொறுக்கியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் சென்ற அரைப்பதனிட்ட தோலுக்கு ஆவாரம்பட்டையே அடிப்படை. முதல் உலகப்போரில் படைவீரர் காலணியின் மேற்றோலுக்கு அது பெருமளவில் தேவைப்படவே, 1916இல் அரசே அவ்வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. காட்டுப் புதரிலிருந்து உரித்த பட்டை அத்தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலேறி வந்தது. விடுதலைக்குப் பின் அந்த வாட்டிலையே நீலகிரியிலும் பழனிமலையிலும் பயிரிட்டுச் சோலைப் புல்வெளிகளை இழந்தோம். மறுபுறம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் முன்னெடுத்த குரோமிய முறை, அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்தபின் பரவலாயிற்று. பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் என்ன ஆனது என்பதை நாம் அறிவோம்.

பட்டைக்குத் தேவை குறைந்தபோது ஆவாரை தப்பிப் பிழைத்தது என்று மகிழ முடியவில்லை. பயன் இருந்தவரை அது நின்ற தரிசுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. பயன் போனபின் அந்நிலம் வெறும் புறம்போக்கு. அங்கே சீமைக்கருவேல் அடர்ந்தது; எஞ்சியது மனைப்பிரிவாயிற்று. இன்று போகிக்கு முன்னாள் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் காப்புக்கட்டை விலைகொடுத்து வாங்குகிறோம். தெருமுனையில் ஒடித்துவந்த பூ விலைப்பொருளான பின், தெருமுனையில் அது இல்லை என்பதே பொருள்.

*

எனவே ஆவிரையைத் தோட்டத்துக்குள் அழைக்கும் வேளை வந்துவிட்டது என்பது நம் துணிபு. அதற்கு உழைப்பு மிகவும் குறைவு. பழுத்துக் காய்ந்த தட்டைக் காய்களிலிருந்து விதை எடுக்கலாம். விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு சீராகும். ஆணிவேர் ஆழமாக இறங்குமாதலால் பிடுங்கி நடுவதைவிட, மழைக்கு முன் நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நன்று. முழு வெயில் வேண்டும். சரளை கலந்த செம்மண் மிகவும் ஏற்றது. கரிசலாயின் சற்று மேடாக்கி நடவேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். வேரூன்றியபின் நீரும் எருவும் மிகுந்தால் தழை பெருகுமேயன்றிப் பூ பெருகாது.

பூங்கொத்து புதுக்கிளையின் நுனியில் வருவது. ஆகவே, பொங்கல் பூப்பு முடிந்தபின் கிளைகளை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பல கிளைகள் தளிர்த்துச் செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் அமையும். மூன்றடிக்கு ஒன்றாக நட்டால் உயிர்வேலி. கழித்த தழை வயலுக்கு நல்ல பசுந்தாள். பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. பெரிய கருவண்டுத் தேனீ வந்து பூவைப் பற்றி ரீங்கரிக்க, அவ்வதிர்வில் மகரந்தம் உதிரும். அதனைக் காண்பதற்காகவே ஒரு செடி வைக்கலாம்.

மருந்தாக அதன் பெருமை சொல்லி முடியாதது. அது பூத்திருக்கும் ஊரில் சாவுக்கு இடமில்லை என்னும் கருத்துடைய பழமொழி நம்மிடம் உண்டு. ஆவாரைக் குடிநீர் சித்தமருத்துவ வழக்கில் இருப்பது. இலங்கையில் ரணவரா என்று அதனைப் பருகுகின்றனர். ஆயினும் மருந்து என்பதற்காக மட்டும் வளர்த்தால், பட்டைக்காக மட்டும் பார்த்த பழைய கதை திரும்பும்.

கபிலர் குன்றைக் காணச் செல்வோர் மலர்மாலை கொண்டுபோவது உண்டு. அவர் பெயர் சொல்லிச் சென்ற பூ ஒன்று அவரவர் வீட்டு வேலியோரம் நிற்குமாயின், அடுத்த தலைமுறை குறிஞ்சிப்பாட்டைப் படிக்கையில் அந்த ஒரு சொல்லுக்காவது அகராதி தேடவேண்டி இராது. வரும் ஆடி மழைக்கு முன் நான்கு விதை ஊன்றுவோம்.