திரும்பப் பெறப்பட்ட பட்டியல்

உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றலை ஒரே எண்ணால் ஒப்பிடலாம் என்ற நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1993இல் அமெரிக்காவில் அறிமுகமான ஓராக் சோதனை, ஒளிரும் பொருளொன்றை ஃப்ரீ ராடிக்கல்கள் சிதைப்பதை உணவுச்சாறு எவ்வளவு தடுக்கிறது என்று சோதனைக்குழாயில் அளந்தது. அந்நாட்டு வேளாண்துறை 2007இல் 277 உணவுகளின் மதிப்புகளை வெளியிட்டது. 2012இல் பட்டியலையே விலக்கிக்கொண்டது. நிறுவனங்கள் அவ்வெண்களை விளம்பரமாக்கியது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான காரணம், குழாயில் தெரியும் ஆற்றல் உடலுக்குள்ளும் அப்படியே நிகழ்கிறது என்பதற்குச் சான்றில்லை என்பதே. உணவிலுள்ள ஆன்டிஆக்சிடன்ட்களான பாலிஃபீனால்கள் குடலிலும் கல்லீரலிலும் உருமாறிவிடுகின்றன. இரத்தத்தில் சேர்வதோ சொற்பம். மேலும், அப்பட்டியலில் நூறு கிராம் கணக்கில் கிராம்பு முன்வரிசையில் நின்றது. கிராம்பை அந்த அளவில் யார் உண்கிறார்கள்? அளவீடே வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே பழத்தின் இரு வகைகளை, சேமிப்பில் நேரும் இழப்பை ஒப்பிட அது இன்றும் உதவும். நலத்துக்கான தரவரிசையாக அதை நீட்டியதுதான் தவறு.